தையலை வெளியே வைத்தவள்

இருக்க வேண்டிய காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று போன பிறகும் ஒருத்தி ஓரிடத்திலேயே இருந்தால், அவளை அங்கே நிறுத்தி வைத்திருப்பது எது? டீச்சர் பல வருடங்களாகப் படுக்கையில் கிடந்தபடி யோசித்த கேள்வி இது. யோசிப்பதற்கு அவருக்கு நேரம் இருந்தது. கழுத்துக்குக் கீழே உடம்பு சொன்ன பேச்சைக் கேட்காமல் போனபின் மிச்சம் இருந்தவை நேரமும் வாயும்தான்.

கேள்விக்கு உரியவளுக்கு இதில் அக்கறை கிடையாது. அவள் டீச்சரின் தம்பி மனைவியாக அந்த வீட்டுக்குள் வந்தவள். வந்த இரண்டாம் வருடம் டீச்சரின் கையிலிருந்து சாக்பீஸ் தானாக நழுவ ஆரம்பித்தது. பிறகு காலும் தடுமாறியது. நரம்பு நோய், மெதுவாகத்தான் போகும், ஆனால் ஒரே திசையில்தான் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி தண்ணீர் மோட்டார் விற்கும் கம்பெனியில் ஊர் ஊராகப் போகிற வேலையில் இருந்தான். போன ஊர்களில் ஒன்றில் இன்னொரு குடும்பம் அமைந்தது. விவாகரத்து சண்டை சச்சரவு இல்லாமல் முடிந்தது. நீதிமன்றத்திலிருந்து திரும்பி வந்த அன்று அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய், டீச்சரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, அடுப்பில் தண்ணீர் வைத்தாள். பெட்டி கட்டப் போகிறாள் என்று டீச்சர் சாயங்காலம் வரை காத்திருந்தார். அவள் கட்டவில்லை.

அவளை ஊரில் எல்லோரும் ஆல்டரேஷனம்மா என்றார்கள். புதுத் துணி தைக்க மாட்டாள். பிடிப்பது, பிரிப்பது, சுருக்குவது, நீட்டுவது மட்டும்தான் அவள் தொழில். சட்டசபைக் கட்டடத்துக்குப் பின்னால், ஓர் அலுவலக மாடிப்படிக்கு அடியில் அவள் கடை. காலையில் சில மணி நேரம் மட்டும் திறப்பாள். அந்த நேரத்துக்குக் கீழ்வீட்டம்மா வந்து டீச்சரைப் பார்த்துக்கொள்வார். சபை உறுப்பினர்களின் கால்சட்டைகள் அவளிடம்தான் வரும்.

"ஒருத்தரு போன கூட்டத்துக்கு இடுப்பைப் பிடிக்கச் சொன்னாரு. இந்தக் கூட்டத்துக்கு விடச் சொல்றாரு" என்பாள். "நாட்டு நிலைமை நல்லாத்தான் இருக்குது அண்ணி."

விவாகரத்துக்குப் பிறகும் 'அண்ணி' மாறவில்லை. அதை மாற்ற வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அவள் ஏன் போகவில்லை என்பதற்கு அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள். வீட்டுக்காகத்தான் என்றார் மாடிவீட்டுக்காரர். அது வாடகை வீடு. டீச்சரின் பென்ஷனுக்காக என்றாள் பால்காரி. அந்தப் பென்ஷன் மருந்துக்கும் வாடகைக்குமே இழுத்துக்கோ பறித்துக்கோ என்றிருந்தது. நல்ல மனசு என்றார் கீழ்வீட்டம்மா. மூன்றாவது விளக்கம்தான் டீச்சருக்கு ஒப்பவே இல்லை. கூடவே இருந்து பார்த்தவர் அவர். ஆல்டரேஷனம்மா சுருக்கென்று கோபப்படுவாள். கோபம் வந்தால் கஞ்சியில் உப்புப் போட மாட்டாள். ஒருமுறை ஏதோ வாக்குவாதத்தில் டீச்சரைச் சுவரைப் பார்க்கப் படுக்க வைத்துவிட்டு மதியம் முழுக்க அந்தப் பக்கமே வரவில்லை. சுவரில் இருந்த ஈரக்கறை எந்த நாட்டின் வரைபடம் போல இருக்கிறது என்று டீச்சர் அன்று முடிவு செய்து முடித்தார். அவர் பூகோளம் கற்பித்தவர்.

கேட்டும் பார்த்துவிட்டார்.

"ஏன்டி, அன்னைக்கே நீ போயிருக்கலாமே?"

"அன்னைக்கா? அன்னைக்கு மழை."

உண்மையில் அன்று மழை பெய்தது என்பது டீச்சருக்கும் நினைவிருந்தது.

படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி உண்டு. அதில் எப்போதும் துவைத்து மடித்த துணி அடுக்கியிருக்கும். ஆல்டரேஷனம்மா அதில் உட்கார்ந்து டீச்சர் பார்த்ததில்லை. அவள் நிற்பாள், குனிவாள், திருப்புவாள், துடைப்பாள், போவாள். பேச்செல்லாம் அந்த அசைவுகளுக்கு நடுவில்தான்.

டீச்சர் உடுத்தும் கவுன்களை அவள்தான் மாற்றித் தைத்தாள். முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ் வரை வெட்டி, ஓரம் அடித்து, தோளில் மட்டும் நாடா வைத்துக் கட்டுவாள். அப்போதுதான் ஆளைத் தூக்காமல் உடுத்த முடியும். பொத்தான் வைக்க மாட்டாள், முதுகில் அழுத்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, தையலை வெளிப்பக்கம் வைத்தாள். புரண்டு படுக்க முடியாத உடம்பில் ஒரு தையல் வரிகூட ராத்திரியெல்லாம் அழுத்தினால் காலையில் சிவந்து, நாலு நாளில் புண்ணாகும். ஆகவே துணியின் வழவழப்பான முகம் டீச்சரின் தோலைப் பார்த்திருக்கும். மடிப்பும் நூலும் பிசிறும் ஊரைப் பார்த்திருக்கும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு டீச்சர் துணியை உள்வெளியாகப் போட்டிருப்பது போலத்தான் தெரியும். இதை யாரிடமும் விளக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்த வீட்டுக்குள் அரசாங்கம் நுழைந்தது ஒரு மசோதா வழியாக.

வீட்டில் படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு மாதந்தோறும் ஓர் உதவித்தொகை. அதைவிடப் பெரிது இன்னொன்று: பார்த்துக்கொண்ட வருடங்கள் எல்லாம் வேலை செய்த வருடங்களாக ஓய்வூதியத்துக்குச் சேரும். கடந்துபோன வருடங்களும்கூட. அரை நாள் கடை வைத்துக்கொண்டு ஓய்வூதியக் கணக்கில் பெயரே இல்லாமல் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஆல்டரேஷனம்மாவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஒரு நோயாளிக்கு ஒருவர் பெயரைத்தான் பதிவு செய்யலாம். அவர் இரத்த உறவாகவோ மண உறவாகவோ இருக்க வேண்டும். நோயாளியோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.

சபை விவாதத்தை டீச்சர் தொலைக்காட்சியில் ஒரு நாள் விடாமல் பார்த்தார். பேசுகிறவர்களுக்குப் பத்துக்கு மதிப்பெண் போடுவது அவர் வழக்கம்.

"குடும்பம் செய்ய வேண்டிய கடமைக்கு அரசு கூலி கொடுத்தால், நாளை தாய்ப்பாலுக்கும் ரசீது கேட்பார்கள்!" என்றார் ஒரு பெரியவர்.

"நாலு" என்றார் டீச்சர். "குரல் நல்லா இருந்துது."

எதிர்வரிசையில் ஒரு பெண் உறுப்பினர் எழுந்தார். "மாண்புமிகு உறுப்பினர் வீட்டில் படுக்கை விரிப்பை மாற்றுவது யார் என்று இந்த அவை அறியலாமா?"

அவையில் சிரிப்பு. பெரியவர் தண்ணீர் குடித்தார்.

"எட்டு. இவங்க பாவாடையை நீதானே சுருக்கினே?"

"இல்ல. அந்தப் பெரியவரு பேன்ட்டைத்தான் நான் விட்டேன்" என்றாள் ஆல்டரேஷனம்மா, டீச்சரின் குதிகாலுக்கு அடியில் துணிச் சுருளை நகர்த்தியபடி. "பின்னால ரெண்டு விரக்கடை."

சிரித்தார்களே தவிர, அந்த உறவு விஷயம் இருவருக்கும் புரிந்திருந்தது. சட்டத்தின் கண்ணில் அவள் அந்த வீட்டில் யாரும் இல்லை. உறவாக இருப்பவன் வேறொருவன்.

அவனும் ஒரு நாள் வந்து நின்றான். கம்பெனி மூடிவிட்டது. அந்த இன்னொரு குடும்பமும் அவனை வெளியே அனுப்பிவிட்டது. தலை நரைத்து, தோள் இறங்கி, கையில் ஒரு பை பிஸ்கட்டோடு வாசலில் நின்றான்.

"அக்கா, நான்தானே உனக்கு இருக்கேன்" என்றான்.

"இத்தனை நாள் எங்கேடா இருந்தே?"

"தப்புதான்."

"அதைக் கேக்கலை. எந்த ஊர்லன்னு கேட்டேன்."

அவன் ஊர்ப் பெயரைச் சொன்னான். "அங்கே ஆத்துத் தண்ணி உப்பாச்சே" என்றார் டீச்சர். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. கெட்டவன் என்று அவனைச் சொல்லிவிட முடியாது. அவனுக்கும் ஓய்வூதியத்துக்குச் சில வருடங்கள் குறைந்தன, தலைக்கு மேல் ஒரு கூரையும் குறைந்தது. அக்காவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமும் உண்மையிலேயே இருந்தது. எது முதலில் வந்தது என்று அவனுக்கே தெரிந்திருக்காது. மசோதா நிறைவேறும் முன்பே இலாகா மனு வாங்க ஆரம்பித்திருந்தது. அக்காவைத் தன்னோடு அழைத்துப் போவதாக மனுப் போட்டான். ஊர்ப்புறத்தில் ஓர் அறை பார்த்திருந்தான்.

ஆல்டரேஷனம்மா அவனுக்கும் ஒரு டம்ளர் தேநீர் வைத்தாள். அவ்வளவுதான்.

மனுவை ஆராய இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்தபோது அவள் கடையில் இருந்தாள். கீழ்வீட்டம்மா கதவைத் திறந்துவிட்டு அடுப்பைப் பார்க்கக் கீழே போய்விட்டார். தம்பி கூடவே வந்திருந்தான். புது மருந்தின் மயக்கத்தில் டீச்சர் பாதி தூக்கத்தில் கிடந்தார். பேச்சு மட்டும் தூரத்தில் கேட்டது.

"பாருங்க சார்" என்றது தம்பியின் குரல். அதில் சூழ்ச்சி எதுவும் இல்லை, நிஜமான வருத்தம்தான் இருந்தது. "சட்டையைக்கூடத் திருப்பிப் போட்டுவிட்டுப் போயிருக்கா. முதுகெல்லாம் திறந்து கிடக்குது. எங்கக்கா கிளாஸுக்குப் போறப்ப ஒரு சுருக்கம் இருக்காது சார் புடவையில."

அதிகாரி பார்த்தார். பார்த்ததை எழுதிக்கொண்டார். கவனிப்புக் குறைவு.

விஷயம் கடிதமாக வந்ததும் டீச்சர் கொதித்தார்.

"போய்ச் சொல்லுடி அந்த ஆபீசர்கிட்ட! எதுக்கு அப்படித் தைச்சிருக்கேன்னு சொல்லு!"

"என்னத்தைச் சொல்றது? முதுகுல ஒரு புண் இருக்கான்னு பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அவன் பார்க்கலையே!"

"பார்க்காதவனுக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது?" என்று டீச்சரின் வாயைத் துடைத்தாள். கொஞ்சம் அழுத்தமாகத்தான்.

மசோதா அதற்குள் குழுவுக்குப் போய்த் திரும்பி வந்திருந்தது. உறவு என்பதோடு 'ஒரே வீட்டில் வசிக்கும் எவரும்' என்று சேர்க்க வேண்டும் என்றார்கள் சிலர். அப்படியானால் வாடகைக்கு இருப்பவனெல்லாம் வாரிசாவான் என்று கத்தினார்கள் சிலர். கடைசியில் நடுவே ஒரு வழி பிறந்தது. கவனிக்கப்படுகிறவர் தன் வாயால் யாரைச் சொல்கிறாரோ, அவர் உறவாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர்தான். சொற்ப வாக்கு வித்தியாசத்தில் அது நிறைவேறியது. டீச்சர் அன்று யாருக்கும் மதிப்பெண் போடவில்லை. பந்து தன் பக்கம் வந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது.

விசாரணைக்கு முந்தைய நாட்களில் அவர் தூங்கவில்லை. தம்பியைச் சொன்னால் இவள் விடுதலை. இத்தனை வருடம் இவளைக் கட்டிப்போட்டது போதும், போகட்டும் என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் தம்பி வந்து நின்ற அன்று ஆசையாக உட்கார வைக்கிறேன் என்று அக்குளில் கைகொடுத்துத் தூக்கியபோது உயிர் போய் உயிர் வந்ததை உடம்பு மறக்கவில்லை. ஊர்ப்புறத்து அறையில், அந்தக் கைகளுக்குக் கீழே எத்தனை நாள்? ஒருத்தியை விடுவிப்பது நல்ல காரியம்தான். அதைச் செய்யத் தன்னிடம் தைரியம் இல்லை என்பதை டீச்சர் தனக்குத் தானே ஒப்புக்கொண்டார். இவளுக்கும் ஓய்வூதியம் சேருமே என்று அதன்மேல் ஒரு நியாயத்தைப் போர்த்திக்கொண்டார்.

இலாகா அலுவலகத்தில் சக்கர நாற்காலி லிஃப்டுக்குள் நுழையவில்லை. கால் வைக்கும் பலகையைக் கழற்றி, தம்பி நாற்காலியைத் தள்ள, டீச்சரின் கால்களை ஆல்டரேஷனம்மா தன் கையில் ஏந்திக்கொண்டு பின்பக்கமாக நடந்து லிஃப்டில் ஏறினாள். விசாரித்தவர் ஓய்வுபெறும் வயதை எட்டிய ஒரு பெண் அதிகாரி. மேசையில் மூக்குக் கண்ணாடி இரண்டு வைத்திருந்தார்.

"அவங்களுக்கு நீங்க என்ன உறவும்மா?"

"ஒண்ணும் இல்லைங்க."

"எப்படிக் கூப்பிடுவீங்க?"

"அண்ணின்னு."

அதிகாரி ஒரு கண்ணாடியைக் கழற்றி மற்றதை மாட்டினார். "ஆய்வறிக்கையில துணி விஷயம் ஒண்ணு இருக்கு. இப்பவும் திருப்பித்தான் போட்டிருக்கு, நான் பார்க்கிறேன். இதுக்கு என்ன சொல்றீங்க?"

ஆல்டரேஷனம்மா ஜன்னலைப் பார்த்தாள். டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், இந்த ரூம்ல துணியைச் சரியா போட்டிருக்கிறது நான் ஒருத்திதான். உங்க எல்லாரையும் தையல் உறுத்திக்கிட்டிருக்கு. நீங்க நெளிஞ்சு சமாளிச்சுக்கறீங்க. எனக்கு நெளிய வராது. அதனால என் தையல் வெளியே இருக்கு."

அதிகாரியின் கை தன்னையறியாமல் தோளுக்குப் போய், ரவிக்கை விளிம்பை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டது. தம்பியின் முகம் சிவந்துவிட்டது.

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும்டா. நீ எதையுமே தெரிஞ்சு செஞ்சவன் இல்லை."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி. சட்டப்படி முடிவு உங்களோடது. யாரைச் சொல்றீங்க?"

டீச்சர் மூச்சை இழுத்தார். "அவளை."

 அதிகாரி ஆல்டரேஷனம்மாவின் பக்கம் திரும்பினார். "உங்களைத்தான் சொல்றாங்க. பழைய வருஷங்களும் உங்க ஓய்வூதியத்துல சேர்ந்துடும். சம்மதம்னு சொன்னா முடிஞ்சுது."

"இல்லைங்க" என்றாள் ஆல்டரேஷனம்மா. "அவரு பேரைப் போடுங்க."

டீச்சர் கழுத்தைத் திருப்ப முயன்றார். முடியவில்லை. அவள் முகம் தெரியவில்லை.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா? அவங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கணும்."

"அவரு அந்த வீட்டுக்கு வரட்டும். அண்ணியை எங்கேயும் தூக்கிட்டுப் போக வேண்டாம்."

"அப்ப நீங்க?"

"கடைக்கு மேல ஒரு ரூம் இருக்கு. பேசிட்டேன்."

பேசிட்டேன். எப்போது பேசினாள்? போன வாரமா? கடிதம் வந்த அன்றா? அதற்கும் முன்பா? தம்பி பெயருக்குச் சரி என்று சொல்லிவிட்டு வீடு திரும்பும் வழியெல்லாம் டீச்சர் அதையே புரட்டிக்கொண்டிருந்தார். தன் மனதைப் படித்துவிட்டாளா? போதும் என்று ஆகிவிட்டதா? அவனுக்குத் தண்டனையா, அவனுக்கு உபகாரமா? வேண்டாம் என்று சொல்லும் உரிமை கையில் வருவதற்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தாளா? எதைப் போட்டுப் பார்த்தாலும் ஏதோ ஓர் இடத்தில் இடித்தது. வாய்விட்டுக் கேட்கவும் ஆங்காரம் விடவில்லை.

தம்பிக்குக் கற்றுக்கொடுக்க அவள் சில வாரங்கள் எடுத்துக்கொண்டாள். டீச்சர் இருவரையும் பார்த்துக்கொண்டு கிடந்தார். கணவன் மனைவியாக இருந்த காலத்தில்கூட அவர்கள் இவ்வளவு பேசியதில்லை.

"கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. விரிப்போட சேர்த்து இழுங்க."

"நான் மோட்டாரையே தூக்கினவன்."

"மோட்டாருக்கு வலிக்காது."

திருப்பவும், துடைக்கவும், குதிகாலைப் பார்க்கவும், கஞ்சி தொண்டையில் இறங்கியதா என்று அறியவும் கற்றான். தையல் இயந்திரத்திலும் உட்கார வைத்தாள். அவன் தைத்த முதல் கவுனில் வெளித்தையல் மலைப்பாதை மாதிரி வளைந்து போனது. டீச்சருக்கு அதை உடுத்தியபோது அவன் பயந்துகொண்டே கேட்டான்.

"பிரிச்சுத் தைச்சிடவா?"

ஊரில் உள்ள துணியையெல்லாம் பிரித்துத் தைத்தவள் குனிந்து, உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "உள்ளே வழவழன்னுதான் இருக்கு. இருக்கட்டும்" என்றாள்.

மறுநாள் இயந்திரத்தையும் ஒரு பெட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். சாவியைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டாள்.

இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. தம்பி போய்த் திறந்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். படுக்கைக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்த துணிகளை எடுத்துக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். வைத்துவிட்டு, உட்கார்ந்தாள். டீச்சரின் தலையணை ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவள் அதைத் தொடவில்லை. தம்பி வந்து சரிசெய்தான். மூவருக்கும் தேநீர் போட்டான். சர்க்கரை அதிகம். அவள் குடித்தாள்.

சபையில் என்ன நடக்கிறது என்று கேட்டார் டீச்சர். பெரியவரின் கால்சட்டை மறுபடி வந்திருக்கிறது என்றாள். விளக்குப் போடும் நேரம் வரை பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் எழுந்து போனாள். மறுநாளும் வந்தாள், மணியை அடித்தாள். அதன் பிறகு எல்லாச் சாயங்காலமும் அப்படித்தான். ஆணியில் தொங்கிய சாவியை ஒரு நாளும் எடுத்துக்கொள்ளவில்லை.

மாதங்கள் கழித்து, தம்பி மளிகைக் கடைக்குப் போயிருந்த ஒரு மாலையில் டீச்சர் ஆங்காரத்தை விழுங்கிவிட்டுக் கேட்டார்.

"உன்னைத்தானேடி சொன்னேன். ஏன் வேண்டாம்னுட்டே?"

ஆல்டரேஷனம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"என் ரூம்ல வெளிச்சம் போதலை அண்ணி" என்றாள். "ஊசியில நூல் கோக்க முடியலை. பல்பு மாத்தணும்."